ஒரு தாள் குறைவு

ஜெருசலேம்
7 செப்டம்பர் 1986

அன்புள்ள லூனா,

உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் உன் பைண்டிங் பசைச் சட்டிக்கு மூடியாக வைத்துவிடுவாயோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். வைத்தாலும் குற்றம் சொல்லமாட்டேன்.

புத்தாண்டுக்கு முந்தைய எலூல் மாதம் பிறந்துவிட்டது. தெருக்கோடி ஜெப ஆலயத்தில் தினமும் காலையில் கொம்பு ஊதுகிறார்கள். இந்த மாதத்தில் நான் இருபது பேருக்காவது மன்னிப்புக் கேட்டு எழுதுவேன். ஆறு வருடமாகப் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையதுதான். முதலில் மற்றவர்களுக்கு எழுதிவிடலாம் என்று கீழே தள்ளுவேன். அவர்களுக்கெல்லாம் எழுதி முடிப்பதற்குள் தபால் தலை தீர்ந்துவிடும். இந்த முறை உன்னிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்கள் நலம். மகன் ராணுவத்தில், லெபனான் எல்லைப் பக்கம். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை, கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கல்லூரியில் அதே வரலாற்று வகுப்பு. நான் சேர்க்கும் பழைய ஜெபப் புத்தகங்கள் இப்போது குளியலறை வாசல்வரை வந்துவிட்டன. "இனிமே ஒரு வேதாகமம் உள்ள வந்தாலும் நான் பால்கனிக்குக் குடி போயிடறேன்" என்று எலியாகிம் மிரட்டுகிறார். கணவரின் மிரட்டலுக்கு நான் என்றைக்குப் பயந்தேன்? வெனிஸில் அச்சான அந்தப் பெரிய நோன்பு ஜெபப் புத்தகமும் என்னிடமேதான் இருக்கிறது. ஒரு நூலகம் வாங்குகிறேன் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் பின்வாங்கியதே, அதுதான்.

தெரிந்தோ தெரியாமலோ, சொல்லாலோ செயலாலோ உன்னை நோகச் செய்திருந்தால் மன்னித்துவிடு, லூனா. வரும் ஆண்டு நல்லதாக அமைய உன் பெயர் மேலே வாழ்வின் புத்தகத்தில் எழுதப்படட்டும்.

உன் பழைய தோழி,
ஷிஃப்ரா


ஹைஃபா
15 செப்டம்பர் 1986

ஷிஃப்ரா,

கடிதம் வந்தது. பிரித்தேன். பசைச் சட்டிக்கு ஏற்கனவே மூடி இருக்கிறது.

"தெரிந்தோ தெரியாமலோ" என்ற அதே வாசகத்தோடு என் பல் டாக்டரும் ஒரு அட்டை அனுப்பியிருக்கிறார். அவரை மன்னித்துவிட்டேன். அவர் பிடுங்கியது பல்லைத்தான், அதுவும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கேயும் பெயர் சொன்ன குற்றம் ஒன்றுகூட இல்லை. பெயர் இல்லாத குற்றத்துக்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. பெயர் எழுதப்படட்டும் என்று நீ, அதுவும் நீ, எனக்கு வாழ்த்து எழுதியதைப் படித்தபோது கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு முறை கேட்டாகிவிட்டது. உனக்கு இன்னும் இரண்டு இருக்கின்றன. மூன்று முறை கேட்ட பிறகும் நான் மறுத்தால் பாவம் உன்னை விட்டு என் தலையில் ஏறிக்கொள்ளும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் மிச்சமிருக்கும் இரண்டையும் பார்த்துச் செலவழி.

உன் மகன் பத்திரமாகத் திரும்பட்டும். அதை மட்டும் மனசாரச் சொல்கிறேன்.

லூனா


ஜெருசலேம்
19 செப்டம்பர் 1986

அன்புள்ள லூனா,

நீ பதில் எழுதியதே எனக்குப் பெரிது. திட்டு வாங்கியும் அன்றைக்கு இரண்டு வகுப்பைச் சிரித்த முகத்தோடு எடுத்தேன். மாணவிகள் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

பெயர் சொல்கிறேன். உன் கணவர் ரஹமிம் இறந்தபோது துக்கத்தின் ஏழு நாளும் நீ தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் வரவில்லை. காய்ச்சல் என்று தந்தி கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஏலத்தில் இருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வேதாகமம், வெள்ளிப் பூட்டோடு. பதினைந்து வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தேன். சுத்தியல் விழுந்து புத்தகம் என் கைக்கு வந்தபோது முதலில் உன்னிடம்தான் காட்டவேண்டும் என்று தோன்றியது. நீ எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் பூட்டை நான் இன்றுவரை சந்தோஷமாகத் திறந்ததில்லை.

ரஹமிம் எனக்கு எத்தனை தடவை காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். ஜாஃபா பழைய சந்தையில் நாம் குப்பைக்கூடைகளைக் கிளறிக்கொண்டிருக்க, வெயிலில் நின்று நம் பைகளைக் காவல் காத்த மனிதர். அவருக்காக ஒரு நாள்கூட உன் அருகில் தரையில் உட்காரவில்லை. அதற்காக என்னை மன்னித்துவிடு.

இது இரண்டாவது முறை.

ஷிஃப்ரா


ஹைஃபா
24 செப்டம்பர் 1986

ஷிஃப்ரா,

காய்ச்சல் என்று எழுதிய தந்தியில் ஆம்ஸ்டர்டாம் என்று ஊர்ப்பெயர் இருந்தது. ஏழு நாளும் வந்து போனவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, துக்க வீட்டில் ஒரு சிரிப்பு உண்டாக்கினேன். என் மைத்துனி மட்டும் கோபப்பட்டாள். நான் அவளிடம் சொன்னது: "செத்தது ஷிஃப்ராவா இருந்து, அங்க ஒரு நல்ல வேதாகமம் ஏலத்துக்கு வந்திருந்தா, ரஹமிமே என்னை விமானத்துல ஏத்தி விட்டிருப்பாரு."

அதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். உனக்குச் சொல்லி அனுப்பாதது என் தவறு.

ஆனால் நான் காத்திருந்தது இதற்கில்லை. ரஹமிம் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பே உனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேனே, நாளைக் கூட்டிப் பார்க்க வரலாற்று ஆசிரியைக்குத் தெரியாதா? பெரிய கல்லைத் தூக்க முடியாமல் பக்கத்திலிருந்த சின்னக் கல்லைத் தூக்கிக் காட்டுகிறாய். எது பெரியது என்று உனக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதே. எழுதினால் மூன்றாவதும் வீணாகிவிடும்.

புத்தாண்டுக்கு மாதுளை வாங்கிவிட்டேன். தேன் இன்னும் வாங்கவில்லை.

லூனா


ஜெருசலேம்
30 செப்டம்பர் 1986

லூனா,

தெரியும்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், உன் அம்மா போன பிறகு, அவரது நோன்பு ஜெபப் புத்தகத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாய். உன் குடும்பம் இஸ்மீரிலிருந்து கப்பலில் எடுத்து வந்தது. முதுகு உடைந்து, புழு அரித்து, பாதிக்கு மேல் தாள் இல்லை. "தைக்கத் தைரியம் எனக்கு இருக்கு. எந்த அச்சு, எத்தனை தாள் போச்சுன்னு நீ பாத்துச் சொல்லு" என்றாய். பார்த்தேன். என்னிடம் இருந்த வெனிஸ் புத்தகமும் அதே அச்சு. அதில் ஒரே ஒரு தாள்தான் குறைவு. நோன்பு முடிகிற நேரம், வானத்தின் கதவு மூடுமுன் சொல்லும் கடைசி ஜெபத்தின் தாள். உன் அம்மாவின் சிதைந்த புத்தகத்தில் அந்தத் தாள் மட்டும் கிழியாமல் இருந்தது.

மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் கத்தியை எடுத்தேன்.

மிச்சத்தை உன்னிடம் திருப்பிக் கொடுத்தபோது, இது தேறாது, கெனீசாப் பெட்டியில் போட்டுவிடு, மற்றப் பழைய புனித நூல்களோடு கல்லறையில் அடங்கட்டும் என்று சொன்னேன். மதிப்பு இல்லாததால் சொல்லவில்லை. என் கத்தியின் தடம் மண்ணுக்குள் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

இன்னும் இருக்கிறது. தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி. "நிஸ்ஸிம், முழு நாளும் முடித்தான்." கீழே, "லூனா, முழு நாளும் முடித்தாள்." வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாகச் சாப்பிடாமல் குடிக்காமல் முழு நோன்பு இருந்த வருடம், மறுநாள் காலையில் உன் அம்மா அதை எழுதிவைப்பார் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். சேகரிப்பவர்களுக்குச் சுத்தமான ஓரம் வேண்டும். ரொட்டியின் மெத்தென்ற நடுப்பகுதியை உருட்டித் தேய்த்தேன். நிஸ்ஸிமின் பெயர் போய்விட்டது. உன் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

அப்போது அதை ஏதோ நல்லகுணம் என்று நினைத்துக்கொண்டேன். நல்லகுணம் இல்லை, லூனா. உன்னை எனக்குத் தெரியும், சினாய் போரிலிருந்து திரும்பாத உன் அண்ணனைத் தெரியாது. அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பக்கத்தையே திறந்துவைத்தேன். நீ வந்தாய், குனிந்து பார்த்தாய், விளக்கு மங்கல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அதன் பிறகு ஒரு வரிகூட இல்லை. உன் பெயரை நீயே படித்துவிட்டாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாததுபோல் வாழப் பழகிக்கொண்டேன்.

இப்போது ஏன் சொல்கிறேன்? என் சேகரிப்புக்கு ஒரு விவரப் பட்டியல் அச்சாகிறது. வெனிஸ் புத்தகத்துக்கு நேரே "முழுமையானது" என்று எழுதவேண்டும். ஒரு வாரம் அந்த ஒரு சொல்லை எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு முதல் கடிதம் எழுதியது அந்த வாரத்தில்தான். அப்போதும் இதைச் சொல்லத் துணிவில்லை. நேற்று அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: "ஒரு தாள் குறைவு." நீ என்ன பதில் எழுதினாலும் அது மாறாது. தாள் உன்னுடையது.

இன்று காலை அந்தப் பக்கத்தைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்துப் பார்த்தேன். கரி போய்விட்டது, ஆனால் தடம் போகவில்லை. உன் அம்மா அழுத்தி எழுதுகிறவர். நிஸ்ஸிம் என்ற பெயர் தாளில் பள்ளமாக இருக்கிறது. விரல் நுனியால் படிக்கலாம்.

திருடினேன், பொய் சொன்னேன், ஒரு பெயரை அழித்தேன். மன்னிப்பாயா? மூன்றாவது முறை கேட்டுவிட்டேன். இனி கேட்க உரிமை இல்லை.

ஷிஃப்ரா


ஹைஃபா
6 அக்டோபர் 1986

அடியே ஷிஃப்ரா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை நண்பகல் வந்தது. அடுப்பில் கை, வாசலில் தபால்காரன். பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. அப்புறம் ஓய்வுநாளும் புத்தாண்டும் சேர்ந்து இரண்டு நாள், உறையைக் கிழிக்கக் கூடாது. இரண்டு நாளும் அலமாரிமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்றபோதும் பார்த்தாய். ஞாயிறு மாலை மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் கிழித்தேன். நின்றுகொண்டே படித்தேன்.

முதலில் நீ அறியாத ஒன்று. அம்மாவின் புத்தகம் மண்ணுக்குள் போகவில்லை. உன் பேச்சைக் கேட்டுக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். நாலு எட்டு வைத்ததும் விரல் குறுகுறுத்தது. தாளை வெட்டிய ஓரம் எப்படி இருக்கும், பிய்ந்த ஓரம் எப்படி இருக்கும் என்று பைண்டருக்குச் சொல்லித்தர வேண்டாம். திரும்பிப் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தேன். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் மொரேனோ சண்டைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, உள்ள போட்டதை வெளிய எடுக்கறது செத்தவங்களைக் குழியிலேருந்து எழுப்பற மாதிரி."

"எழுப்ப முடிஞ்சா எழுப்ப மாட்டேனா?" என்றேன்.

வெட்டினது நீதான் என்று அன்றே கை சொன்னது. எட்டு வருடம் நான் என் கையை நம்பவில்லை. கண்காட்சியில் நம்பவேண்டி வந்தது. உன் வெனிஸ் புத்தகத்தில் புழுவே கிடையாது. அந்த ஒரு தாளில் மட்டும் மூன்று ஓட்டை. எந்தப் புழுவடி முன்தாளையும் பின்தாளையும் தாண்டிக் குதித்து நடுத்தாளை மட்டும் தின்னும்? அதற்குக் கீழே என் பெயர். அதற்கு மேலே வெறும் தாள். தாளுக்காக நான் பேச்சை நிறுத்தவில்லை, ஷிஃப்ரா. கேட்டிருந்தால் தாளைக் கொடுத்திருப்பேன், அது உனக்குத் தெரியும். அந்த வெறும் இடத்துக்காக நிறுத்தினேன். அம்மாவுக்கு வேறெங்கும் அவன் பெயரை எழுத வாய்க்கவில்லை. கல்லில் எழுதியது ராணுவம்.

பள்ளம் இருக்கிறது என்று எழுதினாயே. அந்த வரியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எப்போதும் பென்சில் முனை உடைகிறமாதிரிதான் எழுதுவாள். அப்பா திட்டுவார்.

மன்னித்தேன். பாவம் என் தலையில் ஏறும் என்று பயந்து மன்னிக்கவில்லை. அந்தப் பயம் இருந்தால் இரண்டாவதிலேயே மன்னித்திருப்பேன். நீ "தெரியும்" என்று ஒரே சொல்லில் கடிதத்தைத் தொடங்கினாய், அதற்காக.

இப்போது கேள். தாளைத் தபாலில் அனுப்பாதே. கத்தியை நீ தொடவே தொடாதே, உன் கத்தியின் லட்சணம் பார்த்தாயிற்று. முழுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா. தையலைத் தளர்த்தி நான் எடுக்கிறேன். உன் புத்தகத்தில் அந்த இடத்தில் நல்ல வெற்றுத்தாள் ஒன்று வைத்துத் தைத்துத் தருகிறேன். உன் பட்டியல் பொய்யாகாது. பெரிய நோன்பு நாளான யோம் கிப்பூர் திங்கட்கிழமை. ஞாயிறே வந்துவிடு. மாலையில் பேருந்து நின்றுவிடும். ஆலயத்தில் பெண்கள் மாடியில் என் பக்கத்து நாற்காலி ரஹமிமின் அக்கா போனதிலிருந்து காலி. கடைசி ஜெபத்தை அம்மாவின் தாளில் இருவரும் சேர்ந்து படிப்போம். செவ்வாய் காலை பென்சில் தருகிறேன். நிஸ்ஸிமின் பெயரை நீ எழுது. பள்ளத்திலேயே ஓட்டு, உன் அழகு கையெழுத்து எதுவும் வேண்டாம்.

இனி என் முறை.

அந்த நூலகம் ஏன் பின்வாங்கியது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கண்காட்சி முடிந்த வாரம் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று அவர்களுக்குப் போயிற்று. புழு ஓட்டையைப் பாருங்கள் என்று மட்டும் அதில் இருந்தது. எழுதியது நான். உன்னிடம் நேரே கேட்கத் துப்பில்லாமல் முதுகுக்குப் பின்னால் எழுதினேன். அவர்கள் கைவிரித்ததில் நீ ஒரு மாதம் வகுப்புக்கே போகவில்லை என்று கேள்விப்பட்ட அன்று, பெரிய மீனாக வாங்கிவந்து பொரித்துத் தின்றேன். ரஹமிம் என்ன விசேஷம் என்று கேட்டார். சொல்லவில்லை.

அதற்காக என்னை மன்னித்துவிடு. இது முதல் முறை. என்னை மூன்று முறை கேட்க வைக்காதே.

உன்
லூனா


தந்தி
ஜெருசலேம், 9 அக்டோபர் 1986

ஒரு முறை கேட்டது போதும். ஞாயிறு காலை முதல் பேருந்தில் புத்தகத்தோடு வருகிறேன். மீன் மட்டும் பொரிக்காதே. ஷிஃப்ரா.