பெட்டி மூடியில் நீ எழுதிய இருபத்திரண்டு

சவரி, என் செல்லத் தம்பி,

உன் பெட்டி நன்றாகச் சுடுகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றதை நிதானமாக எழுத முடியும். ஏனென்றால் நடுவில் ஒருநாள் காலையில் நான் உன்மேல் ஒரு பழியைப் போட்டுவிட்டேன்.

நீ இருந்தவரை அந்தப் பெட்டி வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. உடைத்தெடுத்த முந்திரிப் பருப்பை அதில் வைத்துச் சூடு காட்டினால், மேல்தோல் விரல் பட்டதும் உரிந்துவிடும். தோல் எடுக்கும் பெண்கள் இப்போது ஐந்து பேராகிவிட்டார்கள். இடம் போதாமல் உன் ரோஸி தோப்போரம் ஒரு தகரக் கொட்டகை போட்டாள். பெட்டியும் அங்கே போனது. வீட்டிலிருந்து நூறு மீட்டர் இருக்கும். பரணில் கிடந்த மெல்லிய ஒயர்களை மூன்று இடத்தில் முறுக்கி இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து பெட்டியில் சூடு ஏறவில்லை. வராத தோலைச் சுரண்டிச் சுரண்டி முழுப் பருப்பெல்லாம் உடைந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் சரக்கே வேண்டாம் என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். பார்க்க வந்த ரிப்பேர்க்காரர், "சவரி அண்ணன் போனதோட பெட்டியும் போச்சுங்க. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றாராம். சூடு தரும் கம்பியை நீ கையாலேயே காயிலாகச் சுற்றிக் கடைசியாகச் செய்த பெட்டி. ரோஸி எனக்கு போன் செய்தாள். "அண்ணி, நீங்க வந்து ஒரு வாட்டி பாத்துச் சொல்லிட்டீங்கன்னா மனசத் தேத்திக்கிறேன்."

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் நடத்தியவள் நான். பெரம்பலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

கொட்டகையில் பிளக் பாயின்டில் உன் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 220 வோல்ட். பிறகு பெட்டியைப் போட்டு, ஒற்றை ஒயரில் மீட்டரின் கரண்ட் அளக்கும் கிளிப்பை மாட்டினேன். 8 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். அதில் என்ன சந்தேகம்? இருபத்தேழரை ஓம் வந்தது. மூடியின் உள்பக்கம் நீ சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்ததோ 22.

"காயில் தேஞ்சு மெலிஞ்சு போச்சு ரோஸி. தடை கூடிப்போச்சு, அதான் கரண்ட் கொறையுது. மாத்திடலாம்" என்றேன்.

அவள் ஒரு துணியை எடுத்துப் பெட்டியைத் துடைத்தாள். நான் பையைத் தோளில் மாட்டியபோதுதான் கேட்டாள்: "அது சரி அண்ணி, பெட்டியப் போட்டா இந்த ஃபேன் ஏன் சோந்து போவுது? அதுக்கும் அவரு காயில்தான் காரணமா?"

பையை இறக்கி வைத்தேன். ஜெயங்கொண்டத்தில் உன் மோட்டார் கடையில் நீ என்னை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய்! "உன் கணக்குல எல்லா வூட்டுலயும் 220 வருதுக்கா. எங்க ஊருக்கு அந்தக் கணக்க யாரும் அனுப்பலையா? ஓடும்போது அளந்து பாரு. படுத்திருக்கிற மாட்டப் பாத்து எவ்ளோ பாரம் இழுக்கும்னு சொல்லுவியா?"

வகுப்பில் நானே சொல்லும் உதாரணம்தான். நீளமான ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் முழு வேகத்தோடு முட்டும். விரலை எடுத்துவிட்டால் வழியிலேயே வேகம் செத்துச் சொட்டும். ஊருக்கெல்லாம் சொன்னவள், பெட்டி ஓடாதபோது வோல்ட்டையும் ஓடும்போது ஆம்பியரையும் அளந்து இரண்டையும் வகுத்திருக்கிறேன்!

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வைத்தேன். 176 வோல்ட். கரண்ட் அதே 8.

எட்டால் வகுத்தேன். இருபத்திரண்டு.

சவரி, உன் காயிலில் ஒரு இழை மாறவில்லையடா. நீ எழுதியது எழுதியபடியே இருக்கிறது. ரோஸியிடம் காகிதத்தைக் காட்டினேன். அவள் அந்தச் சிவப்பு எண்ணையும் என் கணக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிச்சம் எளிதாக இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 220-இல் பத்து ஆம்பியர் இழுத்து 2200 வாட் சூடு தரவேண்டிய பெட்டிக்கு, 176-ஐ எட்டால் பெருக்க 1408 வாட்தான் கிடைத்திருக்கிறது. ஒயரிலேயே தொலைந்தது 44 வோல்ட்; அதாவது 352 வாட். மெயினை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால், முறுக்கிய மூன்று இடத்திலும் டேப் கருகியிருந்தது.

"அப்ப இத்தன நாளா தோப்புக்குச் சூடு காட்டிட்டா இருந்தோம்?" என்றாள் ரோஸி. தோல் எடுக்கும் பெண்கள் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்து பருப்பு சிதறியது.

ஒயர்மேனை வரவழைத்துத் தடித்த கேபிளாக, ஒட்டில்லாமல் இழுத்தோம். இப்போது பெட்டி ஓடும்போது 214 வோல்ட், 9.7 ஆம்பியர். பெருக்கிப் பார், இரண்டாயிரத்தைத் தாண்டும். தோல் பூப்போல வருகிறது. சரக்கு வாங்குகிறவர் மறுபடி சிரித்த முகத்தோடு வந்துபோகிறார். பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். மூடியின் உள்பக்கத்தை மட்டும் தொடக்கூடாது என்று ரோஸி சொல்லிவிட்டாள்.

அந்த எண்ணை யாருக்காக எழுதி வைத்தாய்? உனக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே. என்றைக்காவது யாராவது உன் வேலையைச் சந்தேகப்படுவார்கள் என்று தெரியுமா? அது நானாக இருப்பேன் என்றுமா?

ஒவ்வொரு முந்திரிப் பருவத்துக்கும் முன்னால் உன் மீட்டரோடு கொட்டகைக்குப் போவேன். பெட்டியை ஓடவிட்டு, ஓடும்போதே அளந்து, வகுத்துப் பார்ப்பேன். அதற்கு முன் உன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டேன்.

உன்னிடம் கணக்கில் தோற்றதில் மகிழும்,
உன் அக்கா
ஸ்டெல்லா டீச்சர்