உயிர்க்கூடு

சென்னை
3.8.1978

அன்பு மாமாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? நான் இங்கே வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஆய்வுக்கு ஆள் எடுக்கும்போது விலங்கியல் பேராசிரியர் ஏசுதாஸ், "ஆரணியா? அப்போ பட்டுப்புழுவோடவே வளர்ந்திருப்பே" என்றார். இடம் கிடைக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டேன். நம் ஊருக்கு நூலாகத்தான் பட்டு வருகிறது, புழுவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று இவரிடம் யார் சொல்வது? இப்போது ஊரிலிருந்து கூடு கொண்டுவரச் சொல்கிறார். அதிலிருந்து பூச்சி வெளியே வந்து முட்டையிட்டால்தான் என் ஆய்வே தொடங்கும். இந்த மாதத்துக்குள் தொடங்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

களம்பூர் ரைஸ் மில் லாரியில் பலராமன் அண்ணன் மைசூர் பக்கம் போகிறாரே, அவரிடம் சொல்லி உயிருள்ள கூடாக வாங்கி அனுப்புங்கள். உங்களை விட்டால் எனக்கு யார்?

உங்கள்
குணா

ஆரணி
11.8.1978

என் குணாவுக்கு,

பலராமன் கூடு வாங்கி வந்துவிட்டான். பெட்டியை பஸ்ஸில் போட்டிருக்கிறேன்.

புழுவுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசி எனக்குக் கிடைத்தால் இருமல் தானாகப் போய்விடும். "கல்யாணம் பண்ணிகினு ஒண்டியா கீறியேடா" என்று அம்மா தினமும் பேஜார் பண்ணுகிறாள். பூச்சி வராவிட்டால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. களம்பூர்ப் பள்ளியில் உயிரியல் டீச்சர் வேலை காலி. உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்
ஜெயவேல்

சென்னை
24.8.1978

அன்பு மாமாவுக்கு,

ஒரு பூச்சிகூட வரவில்லை. பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்டும்போதும் என் கண் பெட்டியின் மேல்தான். குளிருமோ என்று துணி போர்த்துகிறேன், புழுங்குமோ என்று எடுத்துவிடுகிறேன். பேராசிரியர் தினமும் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணனிடம் இன்னொரு முறை சொல்லுங்கள், ஜல்தியாக.

குணா

சென்னை
9.9.1978

திரு. ஜெயவேல் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அதனால் பலராமன் அண்ணனுக்கே எழுதினேன்.

இதற்கிடையில் பேராசிரியர் ஒரு கூட்டை பிளேடால் கீறினார். உள்ளே புழு வெந்து காய்ந்து கிடந்தது. அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். "தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னா என்ன?" என்று திட்டிவிட்டு, இன்னும் ஒரு மாதம் கொடுத்தார்.

அண்ணன் வேறு கூட்டோடு விடுதிக்கே வந்தார். "உயிர்க்கூடா, நூலெடுக்க வேகவெச்சதான்னு அன்னிக்கே கேட்டேம்மா. வேகவெச்சதே போதும்னு ஜெயவேலுதான் சொல்லிச்சு" என்றார். தப்பாகிவிட்டதோ என்று அவர்தான் வருத்தப்பட்டார்.

அவர் கொண்டுவந்ததிலிருந்து இன்று காலை முதல் பூச்சி வெளியே வந்தது, ஈரமாக, நடுங்கிக்கொண்டு. அழுதுவிட்டேன். பாதிதான் சந்தோஷம்.

'படித்தது போதும், வா' என்று ஒரு வரி எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பிறகு வந்தும் இருப்பேன்.

களம்பூர் வேலையை வேறு யாருக்காவது சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு நான் வரவில்லை. இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள்.

குணசுந்தரி