ஒன்பது ஐம்பது பஸ்

பிப். 10, திங்கள்

காலையிலேயே வெயில். வருகைப்பதிவு ஆப் ஒன்பதரைக்குப் பூட்டிக்கொள்ளும். டவுன் பஸ் வருவதோ 9.50. என் ஒன்பதாம் வகுப்பில் பஸ் பிள்ளைகள் ஆறு பேர். (தலைமை ஆசிரியையும் நான், ஒன்பதுக்கு வகுப்பாசிரியையும் நான். பணியிடம் காலி.) வழக்கம்போல 9.25க்கே ஆறு பேரும் வந்ததாக டிக். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி டிப்போவுக்கு மூன்றாவது கடிதம்.

கல்வி அலுவலகத்திலிருந்து போன். வருகைப்பதிவில் நம் பள்ளிதான் முதலாம். சனிக்கிழமை வெளிநாட்டுக் குழு வருகிறது. ‘உலகமயச் சூழலில் பள்ளித் தலைமை’, இருபது நிமிடம் நான் பேச வேண்டும்.

வாங்க: சாக்பீஸ், பினாயில், பிரஷர் மாத்திரை.

பிப். 11, செவ்வாய்

பஸ்ஸிலிருந்து ஐந்து பேர்தான். ஜெனிபா இல்லை. காய்ச்சலாக இருக்கும். டிக் போட்டாயிற்று; ஆப் பூட்டிய பிறகு திருத்த வழியில்லை.

அலுவலகம்: “ஸ்லைடுல ஒங்க நூறு சதவீதத்தப் பெருசாப் போடுங்க மேடம்.”

பிப். 12, புதன்

9.25, ஆறு டிக். 9.50, ஐந்து பேர். விசாரிக்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி. ஸ்லைடு, திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். மணி ஐந்து.

பிப். 13, வியாழன்

இன்றும் அதே. மதியம் ஜெனிபாவின் அம்மா. தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

“பிள்ளைய மிளகாய்க் காட்டுல பாத்ததாச் சொல்லுதாவ. நான் விடியமுன்ன வேன் ஏறிப் போறவ டீச்சர். பிள்ள வரலைன்னா மெசேஜ் வரும்னு நீங்கதான சொன்னிய? ஒண்ணும் வரலியே.”

மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று நாளாகச் சித்தியோடு மிளகாய்ப் பழம் பறிக்கப் போயிருக்கிறாள். கணக்குக்கு டீச்சர் இல்லை, வந்தும் என்ன என்றாள். பயமே இல்லை.

“எப்பிடியும் நீங்க டிக் போட்டுருவியல்லா டீச்சர்.”

அம்மா, ஓங்கிய கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

பிப். 14, வெள்ளி

9.25. ஆறு பேரும் ‘வரவில்லை’. ஆறு வீட்டுக்கும் மெசேஜ். ஒரு அம்மா போனில் கத்தினார்: “பஸ் ஏத்திவிட்டதே நான்தான்!”

9.40. அலுவலகம்: “என்ன மேடம் இது? நாளைக்கு நீங்க பேசணும்.”

“பஸ் இன்னும் வரல சார்.”

“அதுக்கு?”

9.50. ஆறு பேரும் இறங்கினார்கள். ஜெனிபா கடைசியாக. என் போனை எட்டிப் பார்த்தாள்.

“இன்னைக்கி என்ன போட்டிய டீச்சர்?”

சொன்னேன்.

“நான்தான் வந்துட்டேன்லா?”