கழற்ற மறுத்த உருளைகள்

அன்புள்ள அம்மாவுக்கு, அறிவுமதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தறிச் சத்தத்தில் மந்தமான உங்கள் காது இப்போது எப்படி இருக்கிறது?

குஜராத் வந்ததிலிருந்து, பெட்டிகளை நகர்த்தும் கன்வேயருக்குச் சத்தமும் எடையும் குறைந்த பிளாஸ்டிக் உருளைகளை வடிவமைத்து வந்தேன் அல்லவா? நேற்று அவற்றைப் பெண்கள் வேலை செய்யும் ஒரு வரிசையில் மாட்டினேன். இரும்பு உருளைகளின் இரைச்சல் அடங்கியது. மேலாளர் நம் ராசிபுரத்துக்காரர்தான். "என்னையக் கேக்காம எப்படிம்மா மாட்டுனே? இரைச்சல் அவங்களுக்குப் பழகிப்போச்சு. கழட்டு," என்றார்.

"பழகலைங்க சார், காது போயிருச்சுங்க. கழட்ட மாட்டேனுங்க," என்றேன்.

எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். பயப்படாதீர்கள். பழைய உருளைகளை மறுபடி மாட்டினால் வேலை செய்ய மாட்டோம் என்று அந்த வரிசைப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். என் உருளைகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

பருப்புப்பொடி அனுப்புங்கள், என் ஒருத்திக்காகச் சமைக்க மனம் வரவில்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது. விளக்கம் கொடுப்பேன், மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

உங்கள் மகள்,
அறிவுமதி