மூட்டைகளில் கட்டிய நூல்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதற்கு முன்பே உனக்கு வந்திருக்கும். அதில் அப்பாவுக்கு முட்டிவலி குறைந்தது உண்மை, மாடிக் குழாய் ஒழுகுவது நின்றதும் உண்மை. அண்ணன் வழக்கு நல்லபடியாக முடியப்போகிறது என்பது மட்டும் அம்மா சொன்னது. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள் என்றும் எழுதச் சொன்னாள், அதைக் கேள்.

அண்ணன் ஜாமீனில் வீட்டில்தான் இருக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது, எவ்வளவு தண்டனை என்பதுதான் பாக்கி. நம் லாண்டரித் துணி மூட்டைகளோடு, துணி ஏற்ற வரும் வேன் டிரைவர் கொடுத்த போதைப்பொருள் பொட்டலங்களையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். "இது மருந்துடா தலைவா, நீ லேட் பண்ணா நோயாளிங்களுக்குத்தான் கஷ்டம்" என்றானாம் டிரைவர். உன் தம்பி மழையில்கூட ஓடியிருக்கிறான். ஒரு வீடுகூட மாறவில்லை, அதனால் எல்லாம் தெரிந்தே செய்தான் என்கிறது அரசுத் தரப்பு. வீடு ஏன் மாறவில்லை என்று உனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு அம்மாதான் ஒவ்வொரு மூட்டையிலும் அந்தந்த வீட்டுக் கதவின் நிறத்தில் நூல் கட்டிக் கொடுப்பாள். அதைப் பார்த்து டிரைவரும் பொட்டலங்களில் நூல் கட்டியிருக்கிறான்.

"முதல் தப்பு, அதோட விவரம் புரியாத பையன்னு ரிப்போர்ட் வந்தா, ஜெயிலுக்கு அனுப்பாம கண்காணிப்புல வீட்லயே விட்டுடுவாங்க" என்று வக்கீல் சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பிள்ளைய நானே பைத்தியம்னு சொல்லணுமா?" என்றார். அம்மா வேறு கணக்குப் போட்டாள். பெண் பார்க்க வந்தபோது உன் மாமியாரிடம் மறைத்தது இப்போது வெளியே வந்தால் உன் வாழ்க்கை என்ன ஆவது என்றாள். கெட்டிக்காரப் பையன், நல்ல குடும்பம் என்று தெரிந்தாலே இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்று இரண்டு பேரும் நம்புகிறார்கள்.

அதனால் அந்த ரிப்போர்ட் எழுத நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வருவதற்கு முன் அண்ணனுக்குப் பாடம் நடந்தது. நூல் டப்பா பரணுக்குப் போனது. பேப்பரில் என்ன செய்தி என்று கேட்டால் சொல்ல ஒரு தலைப்பை அம்மா மனப்பாடம் செய்யவைத்தாள். அந்த அதிகாரி ஒரு பெண்மணி. உட்கார்ந்ததும் அண்ணன் "டீக்கு சக்கரை எவ்வளவு மேடம்?" என்று கேட்டான். செய்தியையும் தடுமாறாமல் சொன்னான். "விவரமான பையனாத்தான் இருக்கார்" என்று அவர் எழுதிக்கொண்டார். அக்கா, உன் கல்யாணத்தன்றுகூட அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவர் போன பிறகு அண்ணன் என்னிடம் வந்து "நான் பாஸா?" என்றான். பாஸ் என்றேன்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, சின்னப் பெண் என்று சமையலறையிலேயே நிறுத்திவிட்டார்கள். போன் அப்பா கையைவிட்டு இறங்குவதில்லை. ஆனால் அந்த அதிகாரி கிளம்பும்போது உன் நம்பரை வாங்கிக்கொண்டார், அடுத்த வாரம் உன்னிடம் பேசுவாராம். அதற்கு முன் அப்பா உனக்குப் போன் செய்து என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தருவார். சரிப்பா என்று சொல்லிவிடு. அதிகாரியிடம் மட்டும் உள்ளதைச் சொல். அவனுக்கு இன்றும் மணி பார்க்கத் தெரியாது, யார் சிரித்துப் பேசினாலும் பின்னாலேயே போய்விடுவான், நீ பள்ளிக்கூடம் போகும்போது அவன் கையைப் பிடித்தே கூட்டிப்போவாய் என்று சொல். நூலைப் பற்றி மறக்காமல் சொல். டப்பாவை இறக்கி என் பள்ளிக்கூடப் பையில் வைத்திருக்கிறேன், அவர் கேட்டால் கொண்டுபோய்க் காட்டுவேன். உன் மாமியார் வீட்டில் தெரிந்தால் உனக்கு என்ன ஆகும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஜெயிலில் எல்லாக் கதவும் ஒரே நிறமாக இருக்குமே, அவன் அங்கே என்ன செய்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நானும்

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன் என்றால் தட்டும்போதே நான்தான் என்பான். இது