மேலேயிருந்து என்ன தெரியும்

ஒஷாவா, கனடா
20 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் சுகம் என்பது ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியிலேயே தெரியும். ஆனால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அயலட்டையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கதைப்பதால் உங்களோடு நாலு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா, விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது! மருந்துக்கடையில் இரண்டு வருடம் கால் கடுக்க நின்றது இதற்குத்தான். இனி நான் ஆட்களை ஏற்றலாம். சின்ன விமானம், நாலு பேர் இருக்கலாம். தரையில் ஓடும்போது காலால்தான் திருப்ப வேண்டும். முதல் நாள் நான் பஸ் ஓட்டின உங்கள் மகள் என்பதைக் காட்டி, கையால் திருப்பித் திருப்பிப் புல்லுக்குள் கொண்டுபோய் விட்டேன்.

ஓடி ஓடி ஒரு கட்டத்தில் சில்லு உருளும் சத்தம் நின்றுபோகும். நிலம் விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சிரிப்பேன்.

நேற்று ஆயிரத்தைந்நூறு அடியில் பறந்தேன். சைக்கிளில் போன ஒரு கிழவர் நின்று கை காட்டினார். ஒரு பண்ணை வீட்டின் பின்னால் கொடியில் துணி காய்ந்தது. ஒரு மஞ்சள் துவாய், இரண்டு நீலக் காற்சட்டை, நாலு சின்னச் சட்டைகள். நான் எப்போதும் எண்ணிப் பார்ப்பேன்.

வரும் கோடையில் நீங்கள் இருவரும் வருகிறீர்கள். விசா வேலையைத் தொடங்கிவிட்டேன். அம்மாவை முன்னால் இருத்தி, உங்களைப் பின்னால் இருத்தி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவேன். மறுக்கக் கூடாது.

அன்பு மகள்,
சாரங்கா

*

நெடுங்கேணி
24 நவம்பர் 2024

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் மழையில் நனைந்து வந்தது, ஆனாலும் எழுத்துக் கலையவில்லை. இங்கே விதைப்பு முடிந்து பயிர் ஒரு சாண் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் நோவு, எனக்கு அவளுடைய முழங்கால் நோவைக் கேட்கிற நோவு. வேறு குறை இல்லை.

நாற்பது வருடம் வவுனியாவுக்கும் நெடுங்கேணிக்கும் பஸ் ஓட்டினவன் என்ற முறையில் சில கேள்விகள். உன் வாகனத்தைப் பின்னுக்கு எடுக்க முடியுமா? ஹோர்ன் உண்டா? மாடு குறுக்கே வராது என்பது ஒரு வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் டிப்போவில் எவனுடைய பிள்ளையும் இந்த உயரத்துக்குப் போகவில்லை. முத்துலிங்கத்துக்கு இரண்டு முறை சொல்லிவிட்டேன், மூன்றாவது முறை அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொடியில் துணி காய்ந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவளுக்குச் சொல்லாதே.

ஒன்று கேட்கட்டுமா? கீழே ஒன்றும் தெரியாத உயரத்துக்கு உன்னால் போக முடியுமா? முகிலுக்கு மேலே என்றால் இன்னும் நல்லது. அல்லது அம்மாவுக்கு நயாகராவைக் காட்டினால் போதாதா? ஆனால் அவள்தான் பறக்க வேண்டும் என்று நிற்கிறாள். சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு அதுதான் யோசனையாக இருக்கிறது.

உன் அப்பா,
வீரகத்தி

*

ஒஷாவா
12 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

இங்கே பனி முழங்கால் வரை. இரண்டு கிழமையாகப் பறக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்துவிட்டேன்.

உங்களுக்குச் சத்தம் பயமா? எனக்கும் இருந்தது. முதல் நாள் பயிற்றுநர் இயந்திரத்தை முடுக்கியபோது, இருக்கைக்குக் கீழே குனிந்து காதைப் பொத்திக்கொண்டேன். அவர் நல்ல மனிதர். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் வாங்கித் தந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் நீங்கள் எழுதியது சத்தத்தைப் பற்றி இல்லை. கொடியில் துணி காய்ந்த அந்த வரிகளை ஏன் விட்டீர்கள்? யாருக்காக விட்டீர்கள்? எனக்காகவா? அதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். பதில் வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

சாரங்கா

*

நெடுங்கேணி
16 பெப்ரவரி 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

உனக்காக இல்லை. அம்மாவுக்காகத்தான் விட்டேன்.

விமானக் குண்டுவீச்சில் தம்பி நிரோஜன் போன அன்று நான் மாங்குளத்தில் பஸ்ஸோடு நின்றேன். நீங்கள் மூவரும் வீட்டில். வெளியே பளிச்சென்று ஒன்றும் கிடக்கக் கூடாது என்பது அப்போது எல்லாருக்கும் பாடம். தகரக் கூரைக்கு மேலே தென்னோலைக் கிடுகு போட்டிருந்தோம். துணியைக் குசினிக்குள்தான் காயப் போடுவோம். ஆனால் அன்று முற்றத்துக் கொடியில் அவனுடைய சிவப்புச் சட்டை கிடந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போடுகிற சட்டை.

நான் வந்து சேர்ந்தபோது அம்மா அவனை மடியில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் சொன்ன முதல் சொல், "நான்தானப்பா அதை வெளியிலை காயப் போட்டனான்" என்பதுதான்.

அன்று முதல் ஒரே கேள்வி. "பொம்மருக்குள்ளை இருந்தவனுக்கு அந்தச் சட்டை தெரிஞ்சிருக்குமோ?" நானும் அன்று முதல் ஒரே பதில். "அவ்வளவு உயரத்திலை சட்டையாவது சேலையாவது. காடும் மண்ணும்தான் தெரியும்." பஸ் கூரையைவிட உயரத்தில் ஏறாத நான், பதினேழு வருடமாக எல்லாம் தெரிந்தவன் மாதிரிச் சொல்லிவருகிறேன். அவள் கேட்டுத் தலையாட்டுவாள். போன ஞாயிறும் உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் திரும்பிக் கேட்டாள். உன் காதிலும் விழுந்திருக்கும்.

அந்தப் பொய்யில்தான் அவள் எழும்பி நடமாடுகிறாள். நீ அவளை ஆயிரத்தைந்நூறு அடியில் கொண்டுபோய்க் கீழே பார்க்க வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகிலுக்கு மேலே கொண்டுபோ. முடியாவிட்டால் இயந்திரம் பழுது என்று சொல். பொய் சொல்லச் சொல்லி உன்னிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அறுவடை தொடங்கிவிட்டது. மெசின்காரனைப் பிடிக்க நாயாய் அலைகிறேன்.

அப்பா

*

ஒஷாவா
23 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

அந்தச் சட்டையை அம்மா வெளியில் போடவில்லை. நான் போட்டேன்.

அம்மா அதைத் தோய்த்துக் குசினிக்குள் அடுப்புக்கு மேலேதான் போட்டிருந்தார். மறுநாள் தம்பிக்கு ஓட்டப்போட்டி. "அக்கா, புகை மணக்குது, வெளியிலை போடுங்கோவன்" என்று என் பின்னாலேயே சுற்றினான். அரை மணித்தியாலம் வெயில் பட்டால் போதும் என்று எடுத்துக்கொண்டுபோய்ப் போட்டேன். எனக்குப் பதினாலு வயது. எங்கள் சட்டதிட்டம் எல்லாம் தெரிந்த வயதுதான்.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கவில்லை. அந்த அதிர்ச்சியில் தான் போட்டதாகவே நினைத்துவிட்டாரோ? இத்தனை வருடம் என் பிழையை அவர் சுமந்தது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

நான் பறக்கப் பழகியதே மேலிருந்து தெரியுமா என்று பார்க்கத்தான். தெரிகிறது, அப்பா. நான் ஓட்டுவது மெதுவாகப் போகிற சின்ன விமானம், பொம்மர் வேறு என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். உதவவில்லை. இதில் பெரிய வெட்கம், பறப்பது எனக்குப் பிடித்துப்போனது. சில்லுச் சத்தம் நிற்கிறபோது வருகிற சந்தோசத்தை நான் என்ன செய்ய? உங்கள் இருவருக்கும் அதைக் காட்டிவிட்டால் அது குற்றமாகத் தெரியாது என்று நினைத்தேன்.

முகிலுக்கு மேலே கொண்டுபோக மாட்டேன். அம்மா பார்க்கட்டும். பார்த்த பிறகு நானே அவரிடம் சொல்வேன். அதுவரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

சாரங்கா

*

நெடுங்கேணி
14 செப்ரெம்பர் 2025

என் பிள்ளைக்கு,

நாங்கள் கனடாவிலிருந்து திரும்பி வந்து ஏழு கிழமை. ஏழு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா அழைத்தாள், நீ எடுக்கவில்லை. வேலை என்று உன் சிநேகிதி தேனுகா மூலம் சொல்லி அனுப்புகிறாய். எந்த வேலை என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் ஓட்டத்தில் நான் ஒரு பிழையும் காணவில்லை. இறக்கியபோது பின்னால் இருந்தவனுக்கு ஒரு குலுக்கல் இல்லை. நிலம் விட்டபோது நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினாள். நிரோஜன் போன பிறகு அவள் கை தட்டி நான் கண்டதில்லை. அந்தப் பத்து நிமிசத்துக்காக நீ என்னை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்று.

பிறகு நடந்தது. காதில் மாட்டித் தந்த கருவியில் நீங்கள் பேசியதெல்லாம் எனக்கும் கேட்டது. அந்தப் பண்ணை வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் ஒரு சிவப்புத் துணி கிடந்தது. பின்னால் இருந்த எனக்கே தெரிந்தது. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தாள். பிறகு, "ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை. எல்லாம் பச்சையாத்தான் கிடக்கு" என்றாள். "வடிவாப் பாருங்கோ அம்மா, தெரியுது. அண்டைக்கு அந்தச் சட்டையை..." என்று நீ தொடங்கினாய். "எனக்குத் தலை சுத்துது. இறக்கு, போவம்" என்று வெட்டிவிட்டாள். நாங்கள் புறப்படும்வரை நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உன்னைச் சொல்லவிடவில்லை என்ற கோபம் உனக்கு.

போன செவ்வாய் கேட்டுவிட்டேன். குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். "ரோட்டிலை போற பஸ்ஸின்ரை பேரை இங்கை இருந்தே வாசிக்கிறீர். அந்தச் சிவப்புத் துணி உமக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது" என்றாள். கை நிற்கவில்லை.

"பிள்ளைதான் சட்டையைக் கொண்டுபோய்ப் போட்டவள். கிணத்தடியிலை நிண்டு கண்டனான். கொஞ்ச நேரம் வெயில் படட்டும் எண்டு நானும் பேசாமல் விட்டனான். அப்ப அது என்ரை பிழைதானே? பதினாலு வயசுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு எப்பிடிச் சீவிக்கிறது? அதுதான் அவள் நிக்கிற நேரமாப் பாத்து உங்களிட்டைக் கேக்கிறனான். நீங்கள் தெரியாது எண்டு சொல்லுறது அவளின்ரை காதிலை விழட்டும் எண்டு."

யோசித்துப் பார்த்தேன், பிள்ளை. நீ கனடா போன பிறகு கிழமை நாட்களில் அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், நீ தொலைபேசியில் இருக்கும்போது மட்டும்தான். இத்தனை காலமும் நான் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த மடையன்.

"பிறகேன் அங்கை ஏறிப்போய் ஒண்டும் தெரியேல்லை எண்டு சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஏறிப் பாக்காமல் சொன்னனீங்கள். அவள் நம்பேல்லை. நான் ஏறிப் பாத்துச் சொன்னால் நம்புவாள் எண்டு நினைச்சன்" என்றாள். அப்போதுதான் முருங்கையிலையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

நான் உனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது. வரும் ஞாயிறும் அழைப்பாள். எடு. ஏறிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பச் சொல்லுவாள். உண்மையைச் சொல்ல உனக்கு வாய் துடிக்கும். அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. உனக்குக் கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. "ஓம் அம்மா, ஒண்டும் தெரியாதுதான்" என்று சொல்லி அதை வாங்கிக்கொள்.

அப்பா