சுடலைமாடன் காவல் காத்த டப்பா

என் ஆசை அண்ணனுக்கு,

டப்பா கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கே இருந்துகொண்டும் நகத்தைக் கடிப்பாய்.

நேற்றுத்தான் அந்த நாள். பகலும் இரவும் சமமாகும், சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொள்வாயே, அதே பங்குனி நாள். உன் இணையச் சிநேகிதர்கள் ஆறு பேர் கோவில்பட்டியில் இறங்கி, வேன் பிடித்து, விடியும்போது பசுவந்தனையில் நம் கரிசல்காட்டு நிலத்துக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவி. "அளக்க வந்திருக்காவளா? நாலுவழிச் சாலை இங்கன வருதா?" என்று ஊரே பயந்துபோய்க் கேட்டது.

எனக்கு வேறு பயம். இரண்டு வருஷத்துக்கு முன் இதே நாளில் கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தாய். ஒரு டப்பாவுக்குள் நோட்டு, பொம்மை, வெளிநாட்டுக் காசு எல்லாம் போட்டுக் காட்டில் ஒளிக்கப் போனாய். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டால் யாரும் வந்து தேடலாம், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்கவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. "ஏட்டி செல்வி, மொத ஆளா நீதான் எடுக்கணும், வா" என்றாய். "நாப்பது வயசுல கண்ணாமூச்சி ஆடுத! ஒனக்கு வெக்கமா இல்லையாண்ணே?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். தனியாகப் போனாய். அந்த வாரமே கப்பலுக்குக் கிளம்பினாய். மூன்றாம் மாதம் நெஞ்சுவலி என்று போன் வந்தது. பிறகு சவப்பெட்டியில்தான் வந்தாய்.

என்மேல் மனக்குறையோடு போனாயா? யாரிடம் கேட்பேன்?

போன மாதம் பிரவுசிங் சென்டரில் உன் டப்பாவின் பக்கத்தைத் திறந்தால், மதுரைக்காரர் ஒருவர் "தேடினேன், காணோம்" என்று எழுதியிருந்தார். பதறிப்போய், எல்லோரும் ஒரு தடவை வந்து தேடித் தாருங்கள் என்று எழுதினேன். நீ எனக்கென்று வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதானே?

கருவி பத்தடி முன்னே பின்னே காட்டும், மிச்சத்தை இந்த நாள் காலை வெயில் காட்டும் என்று குறிப்பு எழுதியிருந்தாய் அல்லவா. சூரியன் எழும்பியதும் எல்லைக்கல்லின் நிழல் நேர் மேற்கே நீண்டு, உடைமரத்தடியில் கிடந்த கற்குவியலில் விழுந்தது. ஓடிப்போய்ப் புரட்டினேன். காய்ந்த எலுமிச்சம்பழம், கொஞ்சம் குங்குமம். டப்பா இல்லை. வெடித்துக் கிடந்த கரிசலில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்போது ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாடசாமி அண்ணாச்சி வந்தார். பக்கத்துக் காட்டில் ஆட்டுக்கிடை போடுகிறவர்.

"அந்த டப்பாவையா தேடுதீங்க? அய்யய்யோ, அது செய்வினைலா! பொம்ம, காசு, தாள் பூரா நம்பரு, எழுத்து வாசிக்க நமக்கு எங்க தெரியும். எவனோ ஒங்க குடும்பத்துக்கு வச்சுட்டான்னு நெனச்சேன். துக்க வீட்டுல இதை வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன்" என்றார்.

வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உயிரே இல்லை. "எரிச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

"எரிக்கப்பிடாதும்மா. வீட்டுலயும் வைக்கப்பிடாது. சொடலைமாடசாமி காலடியில கொண்டு வச்சிட்டேன், அவரு பாத்துக்கிடட்டும்னு. வெள்ளிக்கெழம தவறாம அங்கனயும், டப்பா கெடந்த இந்த எடத்துலயும் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கேன்."

கேட்டாயா அண்ணே? உன் விளையாட்டுச் சாமானுக்கு வாராவாரம் பூசை நடந்திருக்கிறது! சுடலைமாடன் கோயிலுக்கு ஓடினோம்; பீடத்துக்குப் பின்னால் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. கப்பல்காரன் மூடிய மூடி, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. நோட்டைத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்ட வரிகள், அதற்கு மேலே உன் கோணல் எழுத்து.

"மொத வரி என் தங்கச்சிக்கு. இன்னைக்குக் கோவமா இருக்கா. தீந்ததும் கண்டிப்பா வருவா. அதுவரைக்கும் அதுல யாரும் எழுதாதீங்க."

அப்பாடா! இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. நீ கோபித்துக்கொண்டு போகவே இல்லை. இது தெரியாமல் எத்தனை நாள் அழுதிருக்கிறேன், பாவி அண்ணா!

முதல் வரியில் கையெழுத்துப் போட்டேன். "நானுலா மொதல்ல கண்டெடுத்தேன்" என்று மாடசாமி அண்ணாச்சி இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டார். டப்பாவைத் திரும்ப உடைமரத்தடியில் வைத்தோம். எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இருக்கட்டும்மா, எதுக்கும்."

இனி வருஷாவருஷம் இந்த நாளில் அங்கே நிற்பேன், யாரும் கூப்பிட வேண்டாம். கோவம் தீர்ந்துவிட்டது அண்ணே. வந்துட்டேன்.

முதல் வரிக்காரி,
உன் தங்கச்சி செல்வி